எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய்: வைரஸ்களுக்குப் பங்கு உண்டா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எச்.ஐ.வி.க்கான மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்டவர்கள் இன்று கொழும்பில் இருக்கிறார்கள். இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல். அரச கிளினிக்குகளில் இதற்கான மருந்துகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004இன் இறுதியில். ஆயுள் நீண்டிருக்கும் இக்காலத்தில், வயதோடு சேர்ந்து வரும் நோய்களைப் பற்றிய கேள்விகளும் எழுகின்றன. அவற்றுள் நுரையீரல் புற்றுநோயைப் பற்றிக் கேட்பவர்கள் பலர் ஒரு சந்தேகத்தையும் சேர்த்தே கேட்கிறார்கள்: இதுவும் ஏதோ ஒரு வைரஸால் வருகிறதா? அந்தச் சந்தேகத்துக்கும் அதை ஒட்டி எழும் கேள்விகளுக்குமான பதில்கள் கீழே தரப்பட்டுள்ளன.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்பது உண்மையா?

உண்மைதான். ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகள், பொதுமக்களைவிட எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இப்புற்றுநோய் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கூடுதலாக ஏற்படுவதைக் காட்டியுள்ளன. எய்ட்ஸ் நிலையின் அடையாளமாகக் கொள்ளப்படும் புற்றுநோய்கள் மூன்று. இரத்தக்குழாய்க் கலங்களில் தோன்றும் கபோசி சார்க்கோமா, சில வகை நிணநீர்ப் புற்றுநோய்கள், ஆழமாக ஊடுருவிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்பனவே அவை. நுரையீரல் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் நல்ல மருந்துகள் வந்து கபோசி சார்க்கோமாவும் நிணநீர்ப் புற்றுநோயும் குறைந்துபோன நாடுகளில், எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் புற்றுநோய்களுள் நுரையீரல் புற்றுநோயே முன்னணியில் நிற்கிறது.

இந்த மடங்குக் கணக்கைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மடங்கு என்பது ஓர் ஒப்பீடு மட்டுமே. ஒருபோதும் புகைக்காத நாற்பது வயதுக்காரருக்கு இப்புற்றுநோய் வரும் ஆபத்து மிகச் சிறியது. அந்தச் சிறிய அளவை இரண்டால் பெருக்கினாலும் வருவது சிறிய அளவுதான். முப்பது ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைத்தவருக்கு அதே பெருக்கல் தரும் விடை முற்றிலும் வேறு.

அப்படியானால் புகைத்தலே காரணம் என்று சொல்லிவிடலாமே?

பெரும் பங்கு புகைத்தலுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆய்வுகள் நடந்த பல நாடுகளில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் பொதுமக்களிடம் உள்ளதைவிட மிகக் கூடுதலாக இருந்தது. ஆகவே ஆய்வாளர்கள் புகைத்தலின் விளைவைக் கணக்கிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சுவது என்ன என்று பார்த்தார்கள். ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடையே நடத்தப்பட்டு 2012இல் வெளியான பெரிய ஆய்வில், புகைத்தலைக் கணக்கில் எடுத்த பின்னரும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஆபத்து ஏறத்தாழ 1.7 மடங்காக இருந்தது.

எஞ்சி நிற்கும் இந்தப் பகுதியே வைரஸ் பற்றிய கேள்விக்கு இடம் தருகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும் வேறு பல புற்றுநோய்களுக்குப் பின்னால் ஏதாவது ஒரு வைரஸ் இருப்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. நுரையீரலிலும் அப்படி ஒன்று மறைந்திருக்குமோ என்று ஆய்வாளர்கள் தேடியது நியாயமானதே. தேடலின் விளைவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: வழக்கமாகக் காணப்படும் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. எனினும் அந்தத் தேடலில் தெரியவந்தவை, ஒரு நோயாளருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் மெய்யாகவே பயன்படக்கூடியவை.

எச்.ஐ.வி. வைரஸ் தானே நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்குகிறதா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதலாம் வகுப்பில் எச்.ஐ.வி.-1ஐச் சேர்த்திருக்கிறது. இதை எங்கோ படித்துவிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. அந்த வகைப்பாடு சுட்டும் புற்றுநோய்கள் கபோசி சார்க்கோமா, நிணநீர்ப் புற்றுநோய்கள், கருப்பைக் கழுத்து, மலவாய், கண்ணின் வெளிப்படலம் ஆகியவற்றின் புற்றுநோய்கள் என்பன. நுரையீரல் அதில் இடம்பெறவில்லை.

எச்.ஐ.வி. குடியேறுவது நோயெதிர்ப்பை வழிநடத்தும் சி.டி.4 என்னும் வெள்ளை இரத்தக் கலங்களிலும், மாக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு கலங்களிலும்தான். நுரையீரல் புற்றுநோய் தொடங்குவதோ மூச்சுக்குழாயையும் காற்றுப்பைகளையும் போர்த்தியிருக்கும் மேலணிக் கலங்களில். புற்றுநோயாக மாறிய அந்தக் கலங்களுக்குள் எச்.ஐ.வி. உட்கார்ந்துகொண்டு அவற்றைப் பெருகச்செய்வது காணப்படவில்லை. ஆனால் காற்றுப்பைகளில் உலவும் விழுங்கு கலங்களில் எச்.ஐ.வி. நீண்டகாலம் தங்குகிறது, அதனால் நுரையீரலில் மெல்லிய அழற்சி தொடர்கிறது, தொற்றிய கலங்கள் வெளிவிடும் டாட் போன்ற எச்.ஐ.வி. புரதங்கள் அயலிலுள்ள கலங்களின் நடத்தையை மாற்றக்கூடியவை என்பது ஆய்வுகூடச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. இவை மறைமுகமான வழிகள். நோயெதிர்ப்புச் சக்தி தளர்வதுதான் இவ்வழிகளில் மிக முக்கியமானது. அதைப் பின்னர் விரிவாகப் பார்க்கலாம்.

பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தரும் எச்.பி.வி. நுரையீரலிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறார்களே?

நுரையீரல் தொடர்பாக மிகுதியாக ஆராயப்பட்டதும், மிகுதியாக விவாதிக்கப்பட்டதும் இந்த வைரஸ்தான். மூச்சுக்குழாயில் தோன்றிய சில புற்றுநோய்களின் இழையத்தில் எச்.பி.வி. தொற்றுக்குரிய மாற்றங்களைப் போன்ற தோற்றம் இருப்பதைப் பின்லாந்தின் ஆய்வாளர் ஒருவர் 1979இல் கவனித்து எழுதினார். அதன் பின்னர் பல நாடுகளில் நுரையீரல் கட்டிகளில் இந்த வைரஸின் டி.என்.ஏ.யைத் தேடினார்கள். தாய்வானில் புகைப்பழக்கம் இல்லாத பெண்களின் கட்டிகளில் எச்.பி.வி. 16, 18 ஆகிய வகைகள் கணிசமான அளவில் இருப்பதாக 2001இல் வெளியான ஆய்வொன்று கூறியபோது ஆர்வம் பெருகியது. ஆசிய நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகள் பொதுவாகக் கூடிய விகிதத்தையும், ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வுகள் குறைந்த விகிதத்தையும் காட்டின. ஒரே நாட்டுக்குள்ளேயே ஓர் ஆய்வுகூடம் பாதிக் கட்டிகளில் கண்டதை இன்னொன்று ஒன்றிலும் காணாமல் போனதும் உண்டு.

இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது? வைரஸின் மிகச் சிறிய துணுக்கையும் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையில், மேசையிலோ கருவியிலோ ஒட்டியிருந்த துணுக்கும் கட்டிக்குள் இருந்ததாகத் தோன்றிவிடலாம். தொண்டையிலிருந்து மூச்சோடு இறங்கிய வைரஸ் நுரையீரலின் ஓரத்தில் வெறுமனே தங்கியிருக்கலாம். கருப்பைக் கழுத்திலோ தொண்டையிலோ தோன்றி நுரையீரலுக்குப் பரவிய கட்டியை நுரையீரலிலேயே பிறந்தது என்று தவறாக எண்ணியிருக்கவும் கூடும். வீடு எரிந்த இடத்தில் நின்றவர்கள் எல்லோரும் தீ வைத்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

ஒரு வைரஸைக் காரணம் என்று நிறுவ வேண்டுமானால் அது கட்டிக் கலத்துக்குள் வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும். எச்.பி.வி.யைப் பொறுத்தவரை, ஈ6, ஈ7 என்னும் அதன் இரு புரதங்கள் கலத்தின் காவலர்களான பி53, ஆர்.பி. ஆகியவற்றை முடக்குகின்றன, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் அந்த ஈ6, ஈ7 புரதங்கள் ஏறக்குறைய எப்போதும் தொழிற்பட்டுக்கொண்டிருக்கும். மரபணுத் தொடர்களை முழுமையாகப் படிக்கும் நவீன முறைகளால் நூற்றுக்கணக்கான நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்தபோது, அத்தகைய தொழிற்பாடு மிக அரிதாகவே தென்பட்டது. அந்த அரிதானவற்றிலும் சில, வேறிடத்திலிருந்து பரவியவையாக இருக்கக்கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எச்.பி.வி. உண்டாக்கும் புற்றுநோய்களின் பட்டியலில் நுரையீரலைச் சேர்க்காமல் இருப்பது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிறு வயதிலேயே குரல்வளையில் பாலுண்ணி போன்ற வளர்ச்சிகள் திரும்பத் திரும்பத் தோன்றும் நோய் எச்.பி.வி. 6, 11 ஆகிய வகைகளால் வருகிறது. அது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கியவர்களில் வெகு சிலருக்குப் பின்னாளில் அங்கே புற்றுநோய் உருவாகிறது. எச்.பி.வி. நுரையீரலில் என்ன செய்யவல்லது என்பதற்கு இது சான்று. ஆனால் இது மிக அரிய நோய்.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் எச்.பி.வி. கூடுதலாகத் தங்குகிறதல்லவா? அப்படியானால் அவர்களுக்கு மட்டும் இந்த ஆபத்து அதிகரிக்காதா?

கேள்வி நியாயமானது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உடல் எச்.பி.வி.யை வெளியேற்ற அதிக காலம் எடுக்கிறது. அவர்களில் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் ஆபத்து ஏனைய பெண்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. மலவாய்ப் புற்றுநோயும் அவர்களிடம் மிகவும் கூடுதல். நுரையீரலும் இதே பாதையில் சென்றிருந்தால், எச்.ஐ.வி. உள்ளவர்களின் நுரையீரல் கட்டிகளில் எச்.பி.வி. தெளிவாகவும் திரும்பத் திரும்பவும் தென்பட்டிருக்க வேண்டும். அப்படித் தென்படவில்லை. சி.டி.4 எண்ணிக்கை வீழும்போது கபோசி சார்க்கோமா எகிறுவதைப் போல நுரையீரல் புற்றுநோய் எகிறுவதும் இல்லை. எண்ணிக்கை ஓரளவு நன்றாக இருப்பவர்களிடமும் அது வருகிறது.

ஈ.பி.வி. என்னும் வைரஸ் பற்றி என்ன தெரியும்?

1964இல் கண்டறியப்பட்ட இந்த எப்ஸ்டைன்-பார் வைரஸ், வயதுவந்தோரில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோரின் உடலில் சத்தமின்றி வாழ்கிறது. நுரையீரலில் இதற்கு ஓர் உறுதியான பங்கு உண்டு, ஆனால் மிகக் குறுகிய பங்கு. நிணநீர்க் கலங்கள் மொய்த்திருக்கும் தோற்றமுடைய ஒரு தனி வகை நுரையீரல் புற்றுநோய் தென் சீனா, ஹொங்கொங், தாய்வான் ஆகிய இடங்களில், பெரும்பாலும் புகைப்பழக்கம் இல்லாதவர்களிடமும் ஒப்பீட்டளவில் இளையவர்களிடமும் காணப்படுகிறது. அதன் கலங்களுக்குள் ஈ.பி.வி. இருக்கிறது. ஏனைய நுரையீரல் புற்றுநோய்களில் இந்த வைரஸைக் காரணமாகக் காட்ட முடியவில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஈ.பி.வி. முக்கியமாவது வேறொரு வழியில். நோயெதிர்ப்பு வலுவிழந்த நிலையில் இந்த வைரஸ் நிணநீர்ப் புற்றுநோயைத் தூண்டக்கூடியது; அந்த நிணநீர்ப் புற்றுநோய் நுரையீரலிலும் கட்டியாகத் தோன்றலாம்.

அப்படியென்றால் நுரையீரலில் தெரியும் கட்டிகள் எல்லாம் நுரையீரல் புற்றுநோய் இல்லையா?

இல்லை, இக்கேள்விகளுள் சிகிச்சையை நேரடியாகத் தீர்மானிப்பது இதுதான். எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் நுரையீரலில் காணும் நிழல் காசநோயாக இருக்கலாம், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், நோயெதிர்ப்புத் தளர்ந்தவர்களைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் நியூமோனியாவாக இருக்கலாம், நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம், கபோசி சார்க்கோமாவாக இருக்கலாம், வழக்கமான நுரையீரல் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

இவற்றுள் கபோசி சார்க்கோமாவை உண்டாக்கும் வைரஸ் எச்.எச்.வி.-8 எனப்படும்; அது 1994இல் கண்டறியப்பட்டது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் செந்நீலத் திட்டுகளாக இப்புற்றுநோய் தெரியும். சளியில் இரத்தம் கலந்து வரவும் செய்யும். அதே வைரஸ், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் கட்டச்செய்யும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. இவ்விரண்டும் வைரஸால் வருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயராலும் சிகிச்சையாலும் இவை நுரையீரல் புற்றுநோயிலிருந்து வேறானவை. கபோசி சார்க்கோமா, எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கியதுமே பலரிடம் பின்வாங்குகிறது. நுரையீரல் புற்றுநோய் அப்படிப் பின்வாங்காது. ஆகவே இழையத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயொப்சியைத் தவிர்த்துவிட்டு, படத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது ஆபத்தானது.

செம்மறியாடுகளுக்கு ஒரு வைரஸால் நுரையீரல் புற்றுநோய் வருவதாகக் கேள்விப்பட்டேன். மனிதருக்கும் அது வருமா?

செம்மறியாடுகளுக்கு வருவது உண்மை. ஜாக்சீக்டே என்னும் பெயருடைய அந்த வைரஸ், எச்.ஐ.வி.யைப் போல ரெட்ரோவைரஸ் இனத்தைச் சேர்ந்தது. அதன் வெளியுறைப் புரதமே ஆட்டின் நுரையீரல் கலங்களைப் புற்றுநோயாக மாற்றும் வலுவுடையது. குளோனிங் முறையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற டொலி என்னும் ஆட்டை 2003 பெப்ரவரியில் கருணைக்கொலை செய்ய நேர்ந்ததும் இவ்வைரஸ் உண்டாக்கிய நுரையீரல் கட்டியால்தான்.

இதனால்தான் மனிதரிலும் இதற்கு ஒப்பான வைரஸ் ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடம் முற்றாக மறையாமல் இருக்கிறது. மனிதரின் நுரையீரல் கட்டிகளில் அதைத் தேடிய ஆய்வுகள் உறுதியான சான்று எதையும் தரவில்லை. ஆட்டிறைச்சி உண்பதால் இந்நோய் வருமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

வேறு வைரஸ்கள்?

2008இல் கண்டறியப்பட்ட மெர்க்கல் கலப் பொலியோமாவைரஸ், மனிதரில் பரவலாகக் காணப்படும் ஜே.சி. வைரஸ், சைட்டோமெகலோவைரஸ் எனப் பலவும் தேடப்பட்டன. எங்கோ ஓர் ஆய்வில் தென்படுவதும் அடுத்த ஆய்வில் மறைவதுமாகவே முடிவுகள் அமைந்தன.

வைரஸ் இல்லையென்றால் எஞ்சிய ஆபத்து எதனால் வருகிறது?

முதலில் நோயெதிர்ப்பு. எச்.ஐ.வி. உள்ளவர்களையும், சிறுநீரகம் போன்ற உறுப்புகளை மாற்றிப் பொருத்தியபின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தெடுப்பவர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2007இல் வெளியானது. வாழ்க்கை முறையாலும் நோய் வந்த வழியாலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இவ்விரு கூட்டத்தாரிடமும் நுரையீரல் புற்றுநோய் பொதுமக்களைவிடக் கூடுதலாக இருந்தது. இருவருக்கும் பொதுவாக இருப்பது தளர்ந்த நோயெதிர்ப்புத்தான். பிறழ்ந்த கலங்களை இனங்கண்டு அழிக்கும் வேலை தொய்வடையும்போது, புகையாலோ வேறெதனாலோ பழுதடைந்த கலம் தப்பிப் பிழைக்கிறது.

அடுத்தது, நுரையீரல் பட்ட காயங்கள். நியூமோனியா பலமுறை வந்தவர்களிடம் பின்னாளில் புற்றுநோய் கூடுதலாக இருப்பது எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. காசநோய் ஆறிய இடத்தில் விட்டுச்செல்லும் தழும்பும், அதைச் சூழ்ந்த நீண்டகால அழற்சியும் கூட நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடையவை, எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். காசநோய் இன்னும் மறைந்துவிடாத நம் நாட்டில், மேல்நாட்டு ஆய்வுகள் தரும் கவனத்தைவிடக் கூடிய கவனத்தை நாம் இதற்குத் தர வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவதாக, வீட்டிலும் வேலைத்தலத்திலும் உள்ளவை. விறகடுப்பின் புகை நிறைந்த, காற்றோட்டமற்ற குசினியில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களைப் பற்றி வைத்தியர்கள் கேட்டறிய வேண்டும். கொழும்பில் எத்தனையோ வீடுகளுக்கு அஸ்பெஸ்டஸ் கூரைதான். தகடு கூரையில் அசையாமல் இருக்கும்வரை அதிலிருந்து வெளிவரும் தூசு குறைவு. அதை வெட்டுவதும் துளைப்பதும் உடைத்துக் கழற்றுவதும்தான் நாரைக் காற்றில் கலக்கின்றன. அந்த வேலையைச் செய்து, கூடவே புகைப்பவருக்கு இரண்டு ஆபத்துகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

காசநோய் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் என் அண்ணனுக்கு எக்ஸ்ரேயில் நிழல் மாறவில்லை. என்ன செய்வது?

இதை நீங்கள் கேட்டது நல்லது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமலும் மெலிவும் இரவு வியர்வையும் வந்தால் முதலில் காசநோயை நினைப்பது சரியான வைத்தியம். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவும் இருக்கும். பிரச்சினை தோன்றுவது, சளியில் கிருமி உறுதிப்படுத்தப்படாமலேயே மருந்து தொடங்கப்பட்டு, மாதங்கள் கடந்த பின்னரும் நிழல் குறையாமலோ பெருகியோ இருக்கும்போது, மருந்தை மட்டும் நீட்டித்துக்கொண்டு போவதில்தான். அவ்வாறு போகும் ஒவ்வொரு மாதமும், புற்றுநோயாக இருந்தால், சத்திரசிகிச்சைக்குரிய கட்டத்தைத் தாண்டிச் செல்லும் மாதமாக அமையக்கூடும்.

அண்ணனோடு அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள். சளியில் காசநோய்க் கிருமி உறுதியாகக் கண்டறியப்பட்டதா? சீ.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதா? பயொப்சி தேவைப்படுமா? பழைய எக்ஸ்ரே படங்களைக் கையோடு கொண்டுபோவது மிகுந்த உதவியாக இருக்கும், ஏனெனில் நிழல் வளர்ந்ததா இல்லையா என்பதை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். கொழும்பிலுள்ள மார்பு நோய்க் கிளினிக்கிலிருந்து, தேவையானால், வெலிசறையிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புமாறு கேட்கலாம். மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்தி இழையத்தை எடுக்கும் வசதி அங்கே உண்டு. சளியில் இரத்தம், குரல் கம்மிப்போதல், ஒரு பக்கத் தோளிலோ மார்பிலோ விடாத வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்தால் அடுத்த திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எச்.ஐ.வி. மருந்துகள் இப்புற்றுநோயைத் தடுக்குமா?

ஓரளவுக்கு. சி.டி.4 எண்ணிக்கை வீழ்வதற்காகக் காத்திருக்காமல் உடனேயே மருந்தைத் தொடங்குவதன் பயனை ஆராய்ந்த ஸ்டார்ட் என்னும் சர்வதேச ஆய்வில் 4,685 பேர் பங்கேற்றனர். அதன் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. உடனே தொடங்கியவர்களிடம், தொற்றுகளால் வரும் புற்றுநோய்கள் 74 சதவீதம் குறைந்திருந்தன. ஏனைய புற்றுநோய்களிலும் குறைவு தெரிந்தது. ஆனால் எண்ணிக்கை சிறிதாக இருந்ததால் அதைப் புள்ளிவிவர முறையில் உறுதிப்படுத்த முடியவில்லை. இந்த வேறுபாடு நம் மூலக் கேள்விக்கும் வெளிச்சம் தருகிறது: வைரஸால் வரும் புற்றுநோய்கள் எச்.ஐ.வி. மருந்துக்குப் பணிந்த அளவுக்கு, நுரையீரல் புற்றுநோய் எங்கும் பணிந்துபோகவில்லை.

எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் நுரையீரலுக்கும் பாதுகாப்புக் கிடைக்குமா?

நுரையீரலுக்காக அதைப் போட வேண்டியதில்லை. கருப்பைக் கழுத்துக்காகவும் மலவாய்க்காகவும் தொண்டைக்காகவும் போட வேண்டும். இலங்கையில் ஆறாம் தரத்தில் படிக்கும் மாணவிகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே இது இரண்டு தடவையாகப் போடப்படுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இயன்றால் மூன்று தடவை போடுவதையே உலக சுகாதார அமைப்பு விரும்புகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. நுரையீரலைப் பற்றிய அச்சத்தில் இதை மறந்துவிடும் சகோதரிகளுக்காகவே இவ்வளவும் எழுத நேர்கிறது.

நுரையீரல் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?

தொற்றாது. ஒரே தட்டில் உண்ணலாம், ஒரே அறையில் உறங்கலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

நான் புகைப்பவன். மருந்தை ஒழுங்காக எடுக்கிறேன், வைரஸும் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இனியும் புகையை விடத்தான் வேண்டுமா?

கட்டாயம். ஐக்கிய அமெரிக்காவின் தரவுகளைக் கொண்டு கணிக்கப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு தொடர்ந்து புகைப்பவருக்கு, எய்ட்ஸ் சார்ந்த காரணங்களால் இறப்பதைவிட நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 6 முதல் 13 மடங்கு வரை கூடுதலாகிறது. இத்தனை ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் வில்லைகளை விழுங்கி நீங்கள் மீட்டெடுத்த ஆயுளை சிகரெட் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பீடியும் சுருட்டும் இதில் வேறானவை அல்ல. வெற்றிலையோடு புகையிலை மெல்லுவது வாய்ப்புற்றுநோய்க்கு வழி. அதற்கு மாறிக்கொள்வது தீர்வாகாது.

நாற்பது வயதில் விட்டாலும் பயன் உண்டு, அறுபதில் விட்டாலும் உண்டு. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசி ஆலோசனை பெறலாம். அங்கே உங்கள் எச்.ஐ.வி. நிலையைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அறிகுறி எதுவும் இல்லாமலேயே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

கதிர்வீச்சு குறைந்த சீ.டி. ஸ்கேனை ஆண்டுதோறும் எடுப்பது, கடுமையாகப் புகைத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 சதவீதம் குறைத்ததை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. அந்நாட்டின் பரிந்துரை 50 முதல் 80 வயது வரையுள்ள, இருபது ஆண்டுகள் நாளுக்கு ஒரு பெட்டி அல்லது அதற்கு ஒப்பான அளவு புகைத்தவர்களுக்கு உரியது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் நுரையீரலில் பழைய தொற்றுகளின் தழும்புகள் நிறைந்திருப்பதால், புற்றுநோயல்லாத புள்ளிகள் ஸ்கேனில் தெரிந்து வீண் அலைச்சலைத் தரக்கூடும். நீண்டகாலம் புகைத்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இதைப் பற்றித் தன் வைத்தியரிடம் பேசுவது தகும். புகைக்காத இளையவர் தனியார் நிலையத்தில் பணம் கொடுத்து ஸ்கேன் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புற்றுநோய் உறுதியானால், எச்.ஐ.வி. இருப்பதால் சிகிச்சை மறுக்கப்படுமா?

மறுக்கப்படக் கூடாது. எச்.ஐ.வி. கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு, மற்றவர்களுக்கு அளிக்கும் அதே சத்திரசிகிச்சையையும் கதிர்ச் சிகிச்சையையும் இரசாயன சிகிச்சையையும் முழு அளவில் அளிக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கச்செய்யும் புதிய மருந்துகளையும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் பெறலாம் என்பதை 2019இல் வெளியான ஆய்வு முடிவுகள் உறுதிசெய்தன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை குறைவாகவே வழங்கப்படுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கும் அநீதி. அதை ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடாதீர்கள்.

மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையிலோ வேறெங்கோ சிகிச்சை தொடங்குமுன், நீங்கள் எடுக்கும் எச்.ஐ.வி. மருந்துகளின் பெயர்களைப் புற்றுநோய் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வெட்கத்தால் மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். எச்.ஐ.வி. மருந்துகளுள் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் ஆகியவை பக்லிடாக்சல், டோசிடாக்சல் போன்ற புற்றுநோய் மருந்துகள் ஈரலில் சிதைவதைத் தடுத்து, அவற்றின் நஞ்சுத்தன்மையைக் கூட்டக்கூடியவை. சிடோவுடின், இரசாயன சிகிச்சையோடு சேர்ந்து எலும்பு மச்சையை மேலும் தளர்த்தும். டெனோபோவிர், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினோடு சேரும்போது சிறுநீரகத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இப்போது பரவலாக வழங்கப்படும் டொலுடெகிராவிர் இவ்வகையில் பெரும்பாலும் தொல்லை தராதது. ஆனால் அது சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யாமலேயே இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும், அதை அறியாத வைத்தியர் சிஸ்பிளாட்டினை வீணாக நிறுத்திவிடக்கூடும். காசநோய் மருந்தான ரிபாம்பிசினும் சேர்ந்திருந்தால் டொலுடெகிராவிரை நாளுக்கு இரண்டு முறை எடுக்க வேண்டியிருக்கும்.

கீமோ நடக்கும் காலத்தில் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தக் கூடாது. சி.டி.4 எண்ணிக்கை அப்போது வீழும் என்பதால், நியூமோசிஸ்டிஸ் வராமல் காக்கும் கோ-டிரைமொக்சசோல் வில்லை தேவைப்படுமா என்பதையும் கேட்டறியுங்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேசிலுள்ள தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்கில் மருந்து பெறுபவர்கள், அங்குள்ள வைத்தியரிடம் மருந்துப் பட்டியலோடு ஒரு கடிதம் கேட்டு வாங்கி, மூடிய உறையில் புற்றுநோய் வைத்தியரின் கையிலேயே நேராகக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் பதிவு மேசையிலோ வார்டிலோ மற்றவர்கள் முன்னிலையில் எதையும் விளக்க வேண்டி வராது.